ஏழாம் தொடரின் கடைசிக் கட்டங்கள்

தனிம வரிசை அட்டவணையின் ஏழாம் தொடர் 2016 நவம்பர் 28 அன்று அதிகாரபூர்வமாக நிறைவடைந்தது. நிஹோனியம் (113), மாஸ்கோவியம் (115), டென்னசின் (117), ஓகனெசான் (118) ஆகிய நான்கு பெயர்களுக்கும் வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம் அன்று ஒப்புதல் அளித்தது. அதன் பிறகு அச்சாகும் அட்டவணைகளில் காலிக் கட்டம் எதுவும் இல்லை. பெரும்பாலான அட்டவணைகள் ஓகனெசானுக்கு நியானுக்கும் ஆர்கானுக்கும் உரிய வண்ணத்தையும், டென்னசினுக்கு குளோரினுக்கு உரிய வண்ணத்தையும் தீட்டிவிடுகின்றன. அந்த வண்ணங்களைப் பற்றித்தான் இப்பதிவில் எழுத விரும்புகிறேன். ஒரு தனிமத்தின் அணு எண்ணை நிறுவுவது ஒரு வேலை. அது உண்மையிலேயே அந்தத் தொகுதியின் குணத்தோடு நடந்துகொள்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது வேறொரு வேலை. முதல் வேலை 118 வரை முடிந்துவிட்டது. இரண்டாவது வேலையில் நாம் பாதித் தொலைவைக்கூடக் கடக்கவில்லை என்பதே என் கணிப்பு. ஆனால் இந்தத் துறையின் அழகெல்லாம் அந்த இரண்டாவது வேலையில்தான் இருக்கிறது.

அணு எண் 104 கொண்ட ரூதர்ஃபோர்டியம் முதல் தொடங்கும் தனிமங்களை மீகனத் தனிமங்கள் என்கிறோம். யுரேனியத்தைத் தாண்டிய தனிமங்களை, 100 வரை, அணுஉலைக்குள் வைத்து நியூட்ரான்களை ஊட்டியே உருவாக்கிவிட முடியும். நியூட்ரானை ஏற்ற அணுக்கரு, நியூட்ரான் ஒன்று புரோட்டானாக மாறும் பீட்டா சிதைவின் வழியே ஒரு படி மேலேறும். ஃபெர்மியத்தோடு அந்த வழி அடைபடுகிறது. ஃபெர்மியம்-258 உருவானதும் ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில் தானாகவே பிளந்துவிடுவதால், அடுத்த நியூட்ரானை ஏற்று மேலேறுவதற்கு அதற்கு அவகாசமே கிடைப்பதில்லை. ஆகவே அதற்கும் வெகுவாக மேலே போக வேண்டுமானால், இரண்டு அணுக்கருக்களை நேருக்கு நேர் மோதவிட்டு ஒன்றாக இணைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இவ்வளவு பெரிய அணுக்கரு சிறிது நேரமாவது நிலைத்திருப்பதே வியப்புக்குரியது. அணுக்கருவை ஒரு திரவத் துளியாகக் கருதும் பழைய மாதிரியின்படி, புரோட்டான்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனதும், அவற்றுக்கிடையேயான மின் விலக்கு விசை துளியின் பரப்பு இழுவிசையை வென்றுவிடும். பிளவைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் தடுப்பு ஏறத்தாழ மறைந்துபோகும். அந்த மாதிரி மட்டுமே முழு உண்மையாக இருந்திருந்தால் அட்டவணை 104-ஐ ஒட்டியே முடிந்திருக்கும். அணுக்கருவுக்குள்ளும் எலக்ட்ரான்களுக்கு இருப்பதைப் போன்ற கூடுகள் இருக்கின்றன என்பதை 1949-இல் மரியா கெப்பர்ட் மேயரும் ஹான்ஸ் யென்சனும் தனித்தனியே விளக்கினார்கள். அந்தக் கூடுகள் நிறைவடையும் மாய எண்களுக்கு அருகில் அணுக்கரு கூடுதல் உறுதி பெறுகிறது. மீகனத் தனிமங்கள் ஒவ்வொன்றும் இந்தக் கூடுதல் உறுதி ஒன்றினாலேயே உயிர்வாழ்கின்றன. ஈயம்-208 தன் 82 புரோட்டான்களாலும் 126 நியூட்ரான்களாலும் இரட்டை மாயக்கரு. அதற்கு அடுத்த இரட்டை மாயக்கரு 114 புரோட்டான்களும் 184 நியூட்ரான்களும் கொண்ட இடத்தில் இருக்கலாம் என்று 1960-களில் கணக்கிடப்பட்டது. நிலைப்புத் தீவு என்று சொல்லப்படுவது அந்த இடத்தைத்தான்.

இணைப்பு முறைகள் இரண்டு. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வகம் ஈயத்தையும் பிஸ்மத்தையும் இலக்காக வைத்து, இரும்பு, நிக்கல், துத்தநாகம் போன்றவற்றின் அயனிகளை அதன்மீது ஏவியது. இணைந்து உருவாகும் கரு அதிகம் சூடேறாததால் ஒரே ஒரு நியூட்ரானை உமிழ்ந்து அமைதியடையும். 1981 முதல் 1996 வரை 107 தொடங்கி 112 வரையிலான ஆறு தனிமங்களும் இவ்வாறே பிறந்தன. அவற்றுள் மெய்ட்னீரியத்தின் கண்டுபிடிப்பு 1982 ஆகஸ்ட் 29 அன்று பதிவான ஒரே ஓர் அணுவை ஆதாரமாகக் கொண்டது. ஆனால் அணு எண் ஏறஏற இம்முறையின் விளைச்சல் படுவேகமாகக் குறைகிறது. ஜப்பானின் ரிக்கென் ஆய்வகத்தில் கொசுகே மொரிட்டாவின் குழு துத்தநாகம்-70 அயனிகளை பிஸ்மத்தின்மீது ஏவி 113-ஐத் தேடியபோது, 2004, 2005, 2012 ஆகிய ஆண்டுகளில் ஆண்டுக்கு ஒன்றாக மொத்தம் மூன்று அணுக்களே கிடைத்தன. அதற்கு அவர்கள் செலவிட்ட நிகர முடுக்கி நேரம் 550 நாட்களுக்கும் மேல்.

ரஷ்யாவின் டுப்னாவில் யூரி ஓகனெசியனின் குழு தேர்ந்தெடுத்த பாதை வேறு. கால்சியம்-48 என்னும் ஐசோடோப்பும் 20 புரோட்டான்களும் 28 நியூட்ரான்களும் கொண்ட ஓர் இரட்டை மாயக்கரு. இயற்கைக் கால்சியத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே இருப்பதால் அது மிகவும் விலையுயர்ந்தது. எட்டு நியூட்ரான்களை மிகுதியாகச் சுமந்திருக்கும் அந்தக் கருவை ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்குக்கு முடுக்கி, புளூட்டோனியம், அமெரிசியம், கியூரியம், பெர்க்கிலியம், கலிஃபோர்னியம் ஆகிய கன உலோகங்களின் மெல்லிய படலங்களின்மீது மோதவிட்டால், இணைந்து உருவாகும் கருவிலும் நியூட்ரான்கள் தாராளமாக இருக்கும். 114 முதல் 118 வரை கதவு திறந்தது இப்படித்தான். டென்னசினுக்குத் தேவைப்பட்ட பெர்க்கிலியம்-249 அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் அணுஉலையில் 250 நாட்கள் கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பட்டு, மேலும் 90 நாட்கள் பிரித்தெடுக்கப்பட்டு, 22 மில்லிகிராம் அளவில் கிடைத்தது. அதன் அரை ஆயுட்காலம் 330 நாட்கள் அளவே என்பதால், பிரித்தெடுத்த நாளிலிருந்தே இலக்குப் பொருள் கரைந்துகொண்டிருந்தது. அது கண்டம் தாண்டி டுப்னா சேர்ந்து, மாதக்கணக்கில் மோதலுக்கு ஆளாகி, இறுதியில் தந்தது ஆறு அணுக்கள். 2010 ஏப்ரலில் அந்த ஆறு அணுக்களைக் கொண்டு 117 அறிவிக்கப்பட்டது.

ஓர் அணுவை வைத்துக்கொண்டு அது இன்ன தனிமம் என்று எப்படிச் சொல்கிறார்கள் என்பது இயல்பாக எழும் கேள்வி. ஓகனெசான்-294-ஐ எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியம்-249 படலத்தில் மோதி இணைந்த கரு, மோதிய அயனியின் உந்தத்தால் படலத்தைவிட்டு முன்னோக்கிப் பாய்ந்து வெளியேறும். காந்தப் பிரிப்பான் ஒன்று, இணையாமல் வரும் கோடானுகோடி கால்சியம் அயனிகளையும் உடைசல்களையும் வேறு பக்கம் திருப்பிவிட்டு, இந்தக் கருவை மட்டும் சிலிக்கான் உணரியின்மீது இறக்கும். அது பதிந்த இடமும் நேரமும் குறிக்கப்படுகின்றன. ஒரு மில்லிநொடி அளவிலான நேரத்தில் அதே இடத்தில் 11.6 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட்டை ஒட்டிய ஆற்றலுடன், இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் கொண்ட ஓர் ஆல்பா துகள் வெளிப்படுகிறது. அங்கிருப்பது இப்போது லிவர்மோரியம்-290 (அணு எண் 116). சில மில்லிநொடிகளில் இன்னோர் ஆல்பா, அது ஃபிளெரோவியம்-286 (அணு எண் 114). பத்தில் ஒரு பங்கு நொடி அளவில் மூன்றாவது ஆல்பா வெளிப்பட்டால் கோப்பர்நீசியம்-282 (அணு எண் 112) எஞ்சும். அது ஒரு மில்லிநொடி அளவில் இரண்டாகப் பிளந்துபோகும். லிவர்மோரியம்-290, ஃபிளெரோவியம்-286, கோப்பர்நீசியம்-282 ஆகியவற்றை வேறு மோதல்களில் நேரடியாக உருவாக்கி அவற்றின் ஆற்றலையும் ஆயுளையும் முன்பே அளந்திருப்பதால், சங்கிலியைப் பின்னோக்கிப் படித்துத் தாய்க்கரு இன்னது என்று முடிவு செய்கிறார்கள். அனைத்தும் ஒரே புள்ளியில், அடுத்தடுத்து, எதிர்பார்த்த ஆற்றலில் நிகழ வேண்டும் என்பதே இதன் கடிவாளம். 1999-இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகம் 118-ஐக் கண்டதாக அறிவித்தபோது மற்ற ஆய்வகங்களால் அதை மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடியவில்லை. மூலத் தரவில் அந்தச் சங்கிலிகள் இல்லை என்று தெரியவந்ததும், 2002-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஒற்றை அணுக்களை நம்பி நிற்கும் துறைக்கு மறு உறுதிப்பாடு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் இதுவரை சொன்னதெல்லாம் அணுக்கரு இயற்பியல். அந்தச் சங்கிலியைப் பார்த்து ஓகனெசானின் எலக்ட்ரான்கள் எப்படி அமைந்திருக்கின்றன, அது எதனோடு சேரும், எந்த வெப்பநிலையில் உருகும் என்று ஒரு சொல்கூடச் சொல்ல முடியாது. வேதியியல் என்பது எலக்ட்ரான்களின் கதை. அதை அறிய அணு சில நொடிகளாவது வாழ வேண்டும்.

அப்படி அறியப்பட்ட கதைகளுள் எனக்கு மிகவும் பிடித்தது ஹாசியத்தினுடையது. அணு எண் 108 கொண்ட ஹாசியம், எட்டாம் தொகுதியில் ஆஸ்மியத்துக்கு நேர் கீழே இருக்கிறது. ஆஸ்மியத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு: பெரும்பாலான உலோக ஆக்சைடுகள் கல்லைப் போல இறுகியிருக்க, ஆஸ்மியம் டெட்ராக்சைடு எளிதில் ஆவியாகிவிடும். ஹாசியம் உண்மையிலேயே ஆஸ்மியத்தின் உறவு என்றால் அதுவும் ஆவியாகும் டெட்ராக்சைடைத் தர வேண்டும். 2001-இல் டார்ம்ஸ்டாட்டில் பன்னாட்டுக் குழு ஒன்று மக்னீசியம்-26 அயனிகளை கியூரியம்-248 இலக்கின்மீது ஏவி, பத்து நொடி அளவில் ஆயுள் கொண்ட ஹாசியம் அணுக்களை உருவாக்கியது. அவை ஹீலியமும் ஆக்சிஜனும் கலந்த வாயுவுக்குள் வேகமிழந்து, சூடேற்றப்பட்ட உலையில் ஆக்சிஜனோடு சேர்ந்து, நீண்ட மெல்லிய குழாய் வழியே ஒரு குறுகிய கால்வாய்க்குக் கொண்டுவரப்பட்டன. கால்வாயின் இரு சுவர்களும் சிலிக்கான் உணரிகள். நுழைவாயில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ், கடைமுனை மைனஸ் 170 டிகிரி. வாயுவோடு மிதந்து செல்லும் மூலக்கூறு தனக்கு ஏற்ற குளிர்ச்சி வரும் இடத்தில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் அது சிதையும்போது அங்குள்ள உணரி அதன் இருப்பிடத்தைச் சொல்லிவிடும். ஆஸ்மியம் டெட்ராக்சைடு மைனஸ் 82 டிகிரியை ஒட்டிய இடத்தில் படிந்தது. ஹாசியத்தின் மூலக்கூறுகள் மைனஸ் 44 டிகிரியை ஒட்டிப் படிந்தன. கண்டவை ஏழு மூலக்கூறுகள் மட்டுமே. ஆயினும் அந்த ஏழும் இரண்டு செய்திகளை உறுதியாகச் சொல்லிவிட்டன: ஹாசியம் எட்டாம் தொகுதியைச் சேர்ந்தது, அதன் டெட்ராக்சைடு ஆஸ்மியத்தினுடையதைவிடச் சற்றுக் குறைவாகவே ஆவியாகும். குடுவையில் கிராம் கணக்கில் பொருளை வைத்துக்கொண்டு செய்யும் வேதியியலுக்கு நிகரான வேதியியல் இது என்றே நான் கருதுகிறேன். ஒரு மூலக்கூறு எங்கே நிற்க விரும்புகிறது என்று அதையே கேட்டுப் பெற்ற பதில் அது.

எட்டாம் தொகுதியில் அட்டவணை சொன்னது பலித்தது. அதற்குமுன் ஏழாம் தொகுதியில் போரியத்தின் ஆக்சிகுளோரைடிலும், பின்னர் 2014-இல் வெளியான ஆறாம் தொகுதியின் சீபோர்கியம் ஹெக்ஸாகார்பனைல் ஆய்விலும் ஏறத்தாழ அதேதான் நடந்தது. இனி வரும் கட்டங்களில்தான் நிலைமை மாறுகிறது. மாற்றுவது ஐன்ஸ்டைனின் சார்பியல்.

கருவில் புரோட்டான்கள் கூடக்கூட, கருவுக்கு மிக அருகிலுள்ள எலக்ட்ரான்கள் இன்னும் வேகமாக இயங்கியாக வேண்டும். எளிய கணக்கின்படி தங்கத்தில் அந்த வேகம் ஒளிவேகத்தில் 58 விழுக்காடு. கோப்பர்நீசியத்தில் 82 விழுக்காடு. ஓகனெசானில் 86 விழுக்காடு. அவ்வேகத்தில் எலக்ட்ரானின் சார்பியல் நிறை கூடுகிறது, கோப்பர்நீசியத்தில் ஏறத்தாழ 1.7 மடங்கு வரை. நிறை கூடினால் சுற்றுப்பாதை சுருங்கும். இந்தச் சுருக்கம் உள் எலக்ட்ரான்களோடு நின்றுவிடாமல் வெளிக்கூட்டின் எஸ் ஆர்பிட்டாலையும் (ஆர்பிட்டால் என்பது எலக்ட்ரான் உலவும் வெளி), பி ஆர்பிட்டாலின் ஒரு பகுதியையும் கருவை நோக்கி இழுத்துக் கெட்டியாக்கிவிடுகிறது. டி, எஃப் ஆர்பிட்டால்களோ, கருவின் மின்னூட்டம் நன்றாக மறைக்கப்படுவதால், வெளியே விரிகின்றன. தங்கத்தின் மஞ்சள் நிறத்துக்கும், அறை வெப்பநிலையில் பாதரசம் திரவமாக இருப்பதற்கும் இதுவே காரணம். தங்கத்தில் நிறத்தை மாற்றுமளவுக்கு இருக்கும் விளைவு, 112-க்கு மேல் தனிமத்தின் இனத்தையே மாற்றுமளவுக்கு வளரலாம். அமெரிக்க வேதியியலாளர் கென்னத் பிட்சர் 1975-இலேயே 112, 114, 118 ஆகியவை ஓரளவு மந்தமான வாயுக்களாக இருக்குமோ என்று கேட்டிருந்தார்.

அந்தக் கேள்விக்கான முதல் சோதனைப் பதில் 2007-இல் வெளியானது. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வகமும் டுப்னாவும் சேர்ந்து, நான்கு நொடி அளவில் ஆயுள் கொண்ட கோப்பர்நீசியம்-283 அணுக்களை, தங்கம் பூசிய உணரிகள் கொண்ட குளிர்க் கால்வாய்க்குள் செலுத்தின. பாதரசம் தங்கத்தை விரும்பிப் பிடித்துக்கொள்ளும். அது நுழைவாயிலிலேயே நின்றுவிட்டது. மந்த வாயுவான ரேடான் தங்கத்தை ஏறெடுத்தும் பாராமல் குளிர்ந்த கடைமுனை வரை போனது. கோப்பர்நீசியம் இரண்டுக்கும் இடையே படிந்தது: தங்கத்தோடு உலோகப் பிணைப்பு உண்டு, ஆனால் பாதரசத்தினுடையதைவிடத் தளர்வானது. ஆக அது பன்னிரண்டாம் தொகுதிக்கு உரியதுதான், ஆயினும் மந்த வாயுக்களை நோக்கிச் சாய்ந்த உறுப்பினர். அதன் உருகுநிலை 10 டிகிரி செல்சியஸை ஒட்டியும், கொதிநிலை 70 டிகிரிக்குச் சற்றுக் கீழும் இருக்கும் என்று பின்னாளில் கணக்கிட்டுள்ளார்கள். அந்தக் கணக்கு சரியென்றால், அது அறை வெப்பநிலையில் எளிதில் ஆவியாகும் திரவம்.

ஃபிளெரோவியத்தின் கதை இன்னும் சுவையானது. அதற்கு மேலே இருப்பது கனத்த, சாதுவான, திடமான ஈயம். ஃபிளெரோவியத்தின் வெளிக்கூட்டிலுள்ள இரண்டு பி எலக்ட்ரான்களும் சார்பியல் சுருக்கத்துக்கு ஆளாகும் பகுதியிலேயே அடங்கிவிடுவதால், அந்தப் பகுதி நிரம்பிய கூட்டைப் போலவே நடந்துகொள்கிறது. இந்தத் தனிமத்தைப் பற்றி வெவ்வேறு குழுக்கள் தொடக்கத்தில் ஒன்றுக்கொன்று பொருந்தாத முடிவுகளை வெளியிட்டன. இரண்டு மூன்று அணுக்களை வைத்துப் பேசும்போது அது இயல்பே. 2022-இல் டார்ம்ஸ்டாட் குழு வெளியிட்ட முடிவின்படி ஃபிளெரோவியம் தங்கத்தோடு பிணையக்கூடிய, ஆனால் மிக எளிதில் ஆவியாகும் உலோகம். ஈயத்தின் கீழ்க் கட்டத்தில் ஈயத்துக்குச் சற்றும் ஒவ்வாத குணம். அதே ஆய்வகத்தில் நிஹோனியத்தையும் மாஸ்கோவியத்தையும் சோதித்து 2024-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, பக்கத்துக் கட்டங்களிலுள்ள அவ்விரண்டும் ஃபிளெரோவியத்தைவிட வினைத்திறன் மிக்கவை. வேதியியல் சோதனைக்கு உட்பட்ட தனிமங்களில் மிகக் கனமானது இன்றைக்கு மாஸ்கோவியமே.

அதற்கு அப்பால் இருப்பவை கணக்கீடுகள் மட்டுமே. ஓகனெசான் அறை வெப்பநிலையில் வாயுவாகவே இருக்காது, திடப்பொருளாக இருக்கும், 50 டிகிரி செல்சியஸைத் தாண்டி உருகும், குறைகடத்தியாக நடந்துகொள்ளும், தன் தொகுதியில் வேறெந்த உறுப்பினரும் செய்யாத வகையில் கூடுதலாக ஓர் எலக்ட்ரானை ஏற்கும் என்று கணக்குகள் சொல்கின்றன. அதன் எலக்ட்ரான்கள் தெளிவான கூடுகளாகப் பிரிந்து நிற்காமல், ஏறத்தாழ ஒரே சீராகப் பரவிக் கிடக்கும் என்பது 2018-இல் வெளியான ஒரு கணக்கீடு. டென்னசினும் குளோரின், அயோடின் போல எலக்ட்ரானைப் பறித்து உப்பை உருவாக்கும் வேட்கையை இழந்து, உலோகக் குணத்தை நோக்கிச் சாயும் என்றே எதிர்பார்க்கப்படுகிறது. இவற்றைச் சோதித்துப் பார்க்க இன்று வழியில்லை. ஓகனெசானின் அரை ஆயுட்காலம் ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. குழாய் வழியே கால்வாய்க்குப் போய்ச் சேரவே அதற்கு நேரம் போதாது. ஆகவே அட்டவணையில் அவற்றுக்குத் தீட்டப்படும் வண்ணம் சோதனையில் கண்ட குணத்தைக் குறிக்கவில்லை. எட்டாம் தொகுதியின் வண்ணம் ஹாசியத்துக்குச் சோதனையால் கிடைத்தது. பதினெட்டாம் தொகுதியின் வண்ணம் ஓகனெசானுக்கு வெறும் இடத்தால் கிடைத்தது. இவ்விரண்டையும் ஒரே மாதிரி அச்சிடுவதை நான் ஏற்க மாட்டேன். சோதனை நடக்காத கட்டங்களைச் சாம்பல் நிறத்தில் விடும் அட்டவணைகள் உண்டு; மாணவர்கள் கையில் இருக்க வேண்டியவை அவைதான்.

இன்றைய போட்டி 119-ஐயும் 120-ஐயும் நோக்கியது. கால்சியம்-48-ஐக் கொண்டு 119-ஐ எட்ட ஐன்ஸ்டைனியம் இலக்கு வேண்டும். போதிய அளவுக்கு அதைத் தயாரிக்க முடியாது. எனவே அயனியைக் கனமாக்குகிறார்கள். ரிக்கென் வனேடியம்-51-ஐ கியூரியம்-248-இன்மீது ஏவுகிறது. பெர்க்லி 2024-இல் டைட்டானியம்-50-ஐ புளூட்டோனியம்-244-இன்மீது 22 நாட்கள் ஏவி லிவர்மோரியத்தின் இரண்டு அணுக்களைப் பெற்று, அந்த அயனியால் கலிஃபோர்னியத்திலிருந்து 120-ஐத் தேடத் திட்டமிட்டிருக்கிறது. இவை வெற்றிபெற்று எட்டாம் தொடர் திறந்தால் நானும் மகிழ்வேன். ஆனால் அந்தக் கருக்கள் மில்லிநொடியைவிட வெகு குறைந்த காலமே வாழும் என்பதால், அவற்றின் வேதியியல் நெடுங்காலத்துக்குக் கைக்கு எட்டாமலே இருக்கும்.

நான் ஆவலோடு எதிர்பார்ப்பது வேறு திசையில் இருக்கிறது: புதிய புரோட்டானைவிட, தெரிந்த தனிமங்களில் இன்னும் சில நியூட்ரான்கள். டார்ம்ஸ்டாட் உருவாக்கிய கோப்பர்நீசியம்-277 ஒரு மில்லிநொடிக்கும் குறைவாகவே வாழ்கிறது. எட்டு நியூட்ரான்கள் கூடிய கோப்பர்நீசியம்-285 ஏறத்தாழ 30 நொடி வாழ்கிறது. அதாவது ஆயுள் முப்பதாயிரம் மடங்குக்கும் மேல் கூடியிருக்கிறது. தீவு உண்மை என்பதற்கு இதுவே வலுவான சான்று. ஆனால் இப்போதைய முறையில் அதன் கரைக்குத்தான் போக முடிகிறது. புளூட்டோனியம்-244-இல் 150 நியூட்ரான்கள், கால்சியம்-48-இல் 28; எதையும் உமிழாவிட்டாலும் கூட்டுத்தொகை 178 மட்டுமே, 184-க்கு இன்னும் ஆறு குறைவு. நியூட்ரான் மிகுந்த கதிரியக்க அயனிக் கற்றைகள் இன்றைக்குப் பல மடங்கு மெலிந்தவை. இரண்டு மிகக் கனமான கருக்களை உரசவிட்டுப் பல நியூட்ரான்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் முறை இன்னும் மீகனத் தனிமம் எதையும் தந்ததில்லை. இவற்றில் ஏதேனும் ஒன்று கைகூடி, நிமிடக்கணக்கில் வாழும் ஃபிளெரோவியம் அணு ஒன்று கிடைக்குமானால், தங்கத்தில் அது எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்பதோடு நில்லாமல், எந்தெந்தத் தனிமத்தோடு சேர்மம் அமைக்கிறது, ஈயத்தைப் போல இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுக்கிறதா, கொடுக்க மறுக்கிறதா என்பதையும் சோதித்துப் பார்த்துவிடலாம்.